நான்கு புள்ளி ஏழு

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்?"

"பேசாதீங்க."

"நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"நான் ஒண்ணும் கேக்கல. வாயை மூடிட்டு சும்மா படுங்க, போதும்."

திரையின் மூலையில் சிவப்பு எண் கிடுகிடுவென ஏறியது. கணவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் தாடைத் தசை போடும் கூச்சலில் இயந்திரம் அந்த நொடியின் பதிவுகளைத் தூக்கி எறிந்தது. எத்தனை எறிந்தேன் பார் என்று சிவப்பில் கணக்கும் காட்டியது. ஏற்றவற்றைக் காட்டும் பச்சை எண் நொண்டியபடி பின்னால் வந்தது.

ஜன்னல் இல்லாத அந்த நரம்புப் பரிசோதனை அறையில் அவள் டெக்னீசியன். கூட வேலை பார்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் எல்லா நோயாளிகளும் அவள் தலையில்தான் விழுந்தார்கள். இன்று விழுந்தது சொந்தக் கணவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சில மாதங்களாக வலது கை விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் சட்டைப் பொத்தானை இடது கையால் தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டாள். ஊரில் உள்ளவர்களின் நரம்பையெல்லாம் காலையிலிருந்து மாலைவரை அளப்பவளுக்கு, ஒரே கட்டிலில் படுக்கிறவனின் விரல் மரத்துப்போனது தெரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"ஏன் சொல்லல?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"சொன்னா நீ ஒயரை மாட்டுவ."

இப்போது மாட்டியாகிவிட்டது. மணிக்கட்டில் ஒரு மின்முனை, தோளுக்கு முன்னால் காறை எலும்பின் மேல் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று, தலையில் இரண்டு. தலையில் டேப் வைத்து அளந்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைச் சொரசொரப்பான களிம்பால் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும்.

"பாத்துத் தேய். இருக்கறதே கொஞ்சம்."

"அந்த எடத்துல முடியே இல்ல. கவலப்படாதீங்க."

"அதான் நீ தேய்க்க அந்த எடமாப் பாத்தியா?"

பரிசோதனை என்னவோ எளிமையானதுதான். மணிக்கட்டு நரம்பில் சின்னதாக மின்சாரம் தட்டும். கட்டைவிரல் துள்ளும். அந்தச் செய்தி கையில் ஏறி, காறை எலும்பைக் கடந்து, கழுத்துக்குள் புகுந்து மூளையைத் தொடும். இருபது மில்லிசெகண்டுக்குள், கண் ஒருமுறை சிமிட்டி முடிப்பதற்குள் பத்துத் தடவை போய்ச் சேர்ந்துவிடக்கூடிய வேகத்தில், எல்லாம் முடிந்துவிடும். சிக்கல் அதைக் கேட்பதில்தான். நெரிசலான பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் நம் பெயரை முணுமுணுப்பதைப் போல மூளையின் பதில் அவ்வளவு சிறியது. ஆகவே ஐந்நூறு முறை தட்டி, ஐந்நூறு பதிவுகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். தறிகெட்டு வரும் சத்தங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரையும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வரும் முணுமுணுப்பு மட்டும் மெல்ல மேடாக எழும்.

நரம்பு டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார். வழி சரியாக இருக்கிறதா?

மணிக்கட்டுக்கு மேல் வழி சரியென்றால் கோளாறு உள்ளங்கையோடு முடிந்தது. பட்டை கட்டிக்கொண்டு கொஞ்சம் கவனமாக வேலைக்குப் போகலாம். கழுத்தில் தாமதம் என்றால் கதை வேறு. உயரத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று, கழுத்தை அண்ணாந்து வேலை செய்கிற மனிதன் அவன். உள்ளே தண்டுவடம் ஏற்கெனவே நெரிபட்டிருந்தால் ஒரு சறுக்கல், ஒரு குலுக்கல் போதும். கையோடு காலும் போய்விடலாம். கம்பெனியில் டாக்டர் சொல்லும்வரை அவனை ஸ்டோரில் உட்காரவைத்திருந்தார்கள். டாக்டரோ நாளை முதல் விடுப்பு.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காட்டிடும்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போதே மதியம் தாண்டிவிட்டது. பச்சை எண் பாதிக்கு வந்தபோது இயந்திரம் உறைந்து நின்றது.

"ஐயோ."

"என்ன, என் மூளை தாங்கலயா அதுக்கு?"

அவள் இயந்திரத்தை அணைத்து, மறுபடி போட்டாள். அது சோம்பல் முறித்து எழுந்து, அவள் கொடுத்திருந்த அளவுகளையெல்லாம் மறந்துவிட்டு வெறும் கட்டங்களோடு முன்னால் நின்றது. பெயர், வயது, உயரம், கை நீளம் எல்லாம் மறுபடியும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க லிஃப்ட் இப்படி நின்னா ஜனங்க என்னை அடிச்சே கொன்னுடுவாங்க. நீங்க ரொம்பக் குடுத்துவெச்சவங்க."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"இல்ல, கேக்கறேன். இத வெச்சா என் வேலையை முடிவு பண்ணப் போறீங்க?"

நொடிக்கு எத்தனை தட்டல் என்று ஒரு கட்டம் கேட்டது. கோபத்தில் விரல் எதையோ அழுத்தியது. அடுத்த கட்டம், அதற்கு அடுத்தது, தொடங்கு.

இந்த முறை அவன் கண்ணை மூடிக்கொண்டு கல்லாகக் கிடந்தான். பச்சை எண் ஓடியது. சிவப்பு அசையவில்லை. தலையிலிருந்து வரும் கோட்டில் ஒரு மேடு எழுந்தது. வழவழப்பாக, வடிவாக, படத்தில் போட்டதைப் போன்ற மேடு. உச்சி சரியாக இருபதில். இயந்திரம் பதிவுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டு கோடுகளாக வரையும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் அது உண்மையான பதில். படியாதது சத்தம். அந்தத் துறையில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி. இந்த இரண்டு கோடுகளும் ஒரே கோடோ என்று எண்ணும்படி படிந்திருந்தன.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"என்ன?" என்றான் அவன், ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"நார்மல்."

"நிஜமாவா?"

"இருபது. டான்னு இருபது."

அவன் எழுந்த வேகத்தில் இரண்டு மின்முனைகள் பிய்த்துக்கொண்டு வந்தன. அவள் திட்டக்கூட இல்லை. மற்றவற்றை அவளே கழற்றினாள். தலையில் பசைத் திட்டுகளோடு, சட்டையை அரைகுறையாக மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வரேன். அக்காவுக்கு ஒரு போன் போடணும், ராத்திரியெல்லாம் தூங்கலயாம்," என்று கிளம்பினான். கதவருகே நின்று, "என் மூளையைப் பத்தி இனிமே வீட்ல யாரும் பேசக் கூடாது. சர்ட்டிபிகேட் இருக்கு," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ரிப்போர்ட்டுக்காக மற்றக் கோடுகளிலும் குறி வைக்க வேண்டும். தலைக்கோட்டில் இருபதில் வைத்தாயிற்று. கழுத்துக்கோட்டுக்கு வந்தாள். பதிமூன்றையொட்டி மேடு இருக்க வேண்டும். அங்கே இல்லை. இருபதில் இருந்தது. காறை எலும்பின் கோட்டில் ஒன்பதில் இருக்க வேண்டும். அங்கும் இருபதில்.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

ஒரு பேருந்து ஒரே நேரத்தில் மூன்று நிறுத்தங்களில் நிற்காது. திரையை நீட்டிப் பார்த்தாள். இருபதில் இருந்த அதே அழகான மேடு நாற்பதில் மறுபடியும் இருந்தது. அறுபதிலும். எண்பதிலும். சுவரில் ஓடும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. இருபது மில்லிசெகண்டுக்கு ஒருமுறை.

தட்டல் கட்டத்தைப் பார்த்தாள். ஐந்து.

நான்கு புள்ளி ஏழு இருக்க வேண்டிய இடம். யாருக்கும் பிடிக்காத, முழுசாக நில்லாத, கோணல்மாணலான எண். வேண்டுமென்றேதான் அப்படி. ஐம்பதோடு அது சேர்ந்து நடக்காது. அதனால் மின்சாரத்தின் இரைச்சல் ஒவ்வொரு தட்டலின்போதும் ஒவ்வொரு நிலையில் இருந்து, கூட்டும்போது கரைந்துவிடும். ஐந்து என்றால் ஒவ்வொரு தட்டலும் இரைச்சலின் அதே இடத்தில் விழும். கரைய வேண்டியது கட்டிடமாக எழும். பிரித்து வரைந்தாலும் இரண்டு பாதியிலும் அதேதான் எழும். அவன் படுத்திருந்த கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாரின் ஒயர் சுவரில் செருகியபடியே இருந்தது. அதையும் அவள் பிடுங்கவில்லை.

பயிற்சிக்கு வருகிற எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாள். ஐந்து போடாதீங்க, பத்து போடாதீங்க, கை தானா அங்கதான் போகும், போகவிடாதீங்க. அவள் கையும் தானாக அங்கேதான் போயிருக்கிறது. மேட்டைப் பார்த்ததும் கண்ணும் அதோடு நின்றுகொண்டது. பார்க்க வேண்டியது மூன்று கோடுகள். பார்த்தது, பார்க்க விரும்பிய ஒன்றை.

கேன்டீனில் அவன் தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாண்ணே, நாளைக்கே வரேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கட்டடத்து லிஃப்ட நானே பாத்துக்கறேன், வேற யாரையும் ஏத்தாதீங்க." சூப்பர்வைசர். அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினான். அவள் முகத்தைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"திரும்ப எடுக்கணும்," என்றாள்.

"எதை?"

"டெஸ்ட்டை. நான் தப்பு பண்ணிட்டேன். அளவு தப்பாக் குடுத்துட்டேன்."

"நார்மல்னு சொன்னியே."

"அது உங்க மூளை இல்ல. சுவத்துல ஓடற கரண்ட்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "பன்னெண்டு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்ற. என் மூளைக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியலயா உனக்கு?"

பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"அக்காகிட்ட சொல்லிட்டேன். அவ அழுதுட்டா சந்தோஷத்துல. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். இப்ப வந்து இல்லங்கற."

"இல்லன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன்."

"நல்லா வந்தா தப்பு. கெட்டதா வந்தாதான் உனக்கு சரி. அப்படித்தானே?"

"நீங்க ஒரு லிஃப்ட பாக்கறீங்க. கதவு ஒழுங்கா மூடுது. ஆனா நீங்க சோதிச்சது பக்கத்து லிஃப்ட்டுன்னு அப்புறம் தெரியுது. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவீங்களா?"

"என் தொழிலை இழுக்காத."

"சரி. இழுக்கல. எந்திரிங்க."

எழுந்தான். வழி முழுக்க அவளுக்கு நாலடி முன்னால் நடந்தான்.

மறுபடி டேப், பென்சில், களிம்பு, பசை. ஏற்கெனவே தேய்த்துச் சிவந்திருந்த இடத்திலேயே தேய்க்க வேண்டியிருந்தது. கட்டிலின் ஒயரைப் பிடுங்கினாள். நான்கு புள்ளி ஏழு. இரண்டு முறை சரிபார்த்தாள். தொடங்கு.

சிவப்பு எண் பாய்ந்தது.

அவன் பேசத்தான் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். காதோரத்தில் தாடை எலும்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. ஜோக்கடித்தபோதே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தாடையைத் தளர்த்துங்க."

"தளர்த்தித்தான் இருக்கு."

"கழுத்தைத் தளர்த்துங்க."

"நீ முதல்ல அந்த 'தளர்த்துங்க'ங்கறதத் தளர்த்து."

போன் அடித்தது. அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து. அவள் எடுத்துப் பார்த்தாள். அவனுடைய அக்கா. எடுக்காமல் விட்டால் எடுக்கும்வரை அடிக்கும் ரகம்.

"என்னம்மா, என் தம்பி மூளை நல்லா இருக்காமே! எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க, சொல்லிட்டேன்."

"அண்ணி, நான் அப்புறம் பேசறேன்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? சந்தோஷத்துல அழுவுறியா?"

"ஆமா அண்ணி," என்று சொல்லிப் போனை அணைத்து, அறைக்கு வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுபடி தொடங்கினாள். மறுபடி சிவப்பு. இன்னொரு முறை. தட்டல்கள் விழுந்துகொண்டே இருந்தன. கட்டைவிரல் துள்ளிக்கொண்டே இருந்தது. திரையில் மூன்று கோடுகளும் கம்பளிப்பூச்சியாக நெளிந்தன. கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பார்த்தாள். டாக்டர் கிளம்பிவிடுவார். இன்று விட்டால் அவர் திரும்பி வரும்வரை ஒன்றும் நடக்காது. இவனோ ரிப்போர்ட் இல்லையென்றால் நாளைக் காலை வேலைக்குப் போய் நிற்பான். வரேன் என்று சொல்லியாகிவிட்டது அல்லவா. அவனைத் தெரியும்.

மரத்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தொட்டால் பதிவு கெட்டுவிடும். தன் அறையில், தன் கணவனை, தான் தொட முடியாது. எரிச்சலாக வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் அவன் முகத்தில் படாதபடி திரையை மூலைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். என்னவோ ஆகட்டும்.

சற்று நேரம் கழித்து இருட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"நட்டு இறுகிடுச்சா இல்லையான்னு கைக்குத் தெரியல."

அவள் வாயைத் திறந்தாள். பேசாதீங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. சிவப்பு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினாள்.

"முன்னெல்லாம் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இப்ப டார்ச் அடிச்சுப் பாக்கறேன். பாத்துட்டு மறுபடியும் பாக்கறேன். கூட வர்றவன் என்னண்ணே ஆச்சுங்கறான். வயசாயிடுச்சுடாங்கறேன். நடக்கும்போது கூட, தரை கொஞ்சம் தள்ளி இருக்கற மாதிரி இருக்கு. படிக்கட்டுல கம்பியைப் பிடிச்சுக்கறேன். டாக்டர்கிட்ட அத சொல்லல."

"ஏன்?"

"சொன்னா மேல ஏத்த மாட்டாங்க. கீழ உக்காந்து போல்ட்டு எண்ணிட்டு... அது நான் இல்லம்மா."

"ம்."

"பயமா இருக்கு. அதான் உங்கிட்ட கத்தினேன்."

"எனக்கும் பயமா இருந்துச்சு. அதான் அஞ்சு போட்டுட்டேன்."

அவன் மூக்கால் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. சிவப்பு எண் தயங்கியது. பிறகு நின்றது. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு நீண்டது. முடிவில் அந்தச் சின்ன விசில். தூங்கிவிட்டான். பன்னிரண்டு வருடமாக அவளைத் தூங்கவிடாத விசில்.

பூனைபோல நடந்து திரைக்கு வந்து, புதிதாகத் தொடங்கினாள்.

பச்சை எண் ஒழுங்காக ஏறியது. முதலில் காறை எலும்பின் கோட்டில் மேடு எழுந்தது. ஒன்பதை ஒட்டி, நேரத்துக்கு. கை சரி. கழுத்துக்கோடு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பதினாறு அருகில், மழுங்கிய ஒரு மேடு. தலைக்கோட்டில் இருபது வெறுமையாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்து நான்கில் மேடு வந்தது. அழகாக இல்லை. குட்டையாக, ஓரம் சிதைந்து. ஆனால் இரண்டு கோடுகளும் அதன் மேல் படிந்தன. நாற்பதில் ஒன்றும் இல்லை.

மீண்டும் ஒருமுறை ஓட்டினாள். அதே இடம். இது சுவர் இல்லை. இது அவன்.

டாக்டர் கைப்பையோடு வந்து நின்றபடியே மூன்று கோடுகளையும் பார்த்தார். "கழுத்துல கோளாறு. எதனாலன்னு ஸ்கேன் சொல்லும். அழுத்தம்னா எடுத்துவிட வழி இருக்கு, பயப்படாதே. நான் இல்லாத நேரத்துல பாக்கறவர்கிட்ட சொல்லிட்டுப் போறேன், நாளைக்கே ஸ்கேன் எடுத்துடு. நடையில தடுமாற்றம் இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றாள். "இப்பதான் சொன்னார்."

"அப்ப அவர் மேல ஏறவே கூடாது. ஒரு படி ஏணிகூட வேண்டாம். அதை அவருக்கு நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்லிக்கறேன்."

விளக்கைப் போட்டாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்தான். அவள் சொன்னாள், சுற்றி வளைக்காமல். எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்டான். சொன்னாள். இதுக்குப் போய் இவ்வளவா என்று கேட்கப் போகிறான் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதைப் போல.

"எடு இதெல்லாம்," என்றான், தலையைக் காட்டி.

மின்முனைகளைக் கழற்றி, அறை ஓரத்துத் தொட்டியருகே அவனைக் குனியவைத்தாள். பசை காய்ந்து கெட்டியாகியிருந்தது. வெந்நீரை விட்டு, கழுத்து அதிகம் மடங்காதபடி ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மெல்லத் தேய்த்தாள். இப்போது தொடலாம். தேவைக்கு மேலேயே தொட்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட நான் பேசவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். வரேன்னு சொன்னவன் நான்."

துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, காதோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட, பெஞ்சில் கிடந்த போனை எடுத்தான். வலது கட்டைவிரலால் ஒருமுறை முயன்றான். பிறகு இடது கைக்கு மாற்றினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான்தான். நாளைக்கு வரல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. அவன் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். பிடித்திருக்கிறோமா என்று ஒருமுறை கீழே பார்த்து உறுதி செய்துகொண்டான். "இல்லண்ணே. நாளன்னைக்கும் இல்ல. எப்பன்னு தெரியல. அந்த லிஃப்டுக்கு வேற ஆள ஏத்துங்க."